எய்தவரும் அம்பும்: சர்ச்சைக்குரிய உரிமையாளர், புதிய மேலாளர், சங்கடப்படும் ரசிகர்

இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு கிளப் கைமாறினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அணியைப் பயிற்றுவித்து நடத்தும் மேலாளரும் மாறிவிடுவது வழக்கம். புதிய உரிமையாளர் எங்கிருந்து வந்தார், அவருடைய பணம் எப்படிச் சேர்ந்தது என்று ரசிகர்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே புதிய மேலாளரும் வந்து சேர்கிறார். இரண்டு சந்தேகங்களும் ஒன்றோடொன்று கலந்து, எது யாரைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. அப்படிப்பட்ட நேரங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பதில்கள் நடந்தவற்றை வைத்தே சொல்லப்படுகின்றன. தீர்ப்புகள் மட்டும் எழுதுபவருடையவை.

ரசிகர்களின் சங்கடம் உண்மையில் எதைப் பற்றியது? தோற்கும்போது மட்டும்தானே இது வெளியே வருகிறது?

தோல்வி சங்கடத்தை உரக்கப் பேச வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தோல்வி உண்டாக்குவதில்லை. 2005ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தினர் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கினார்கள். அதற்காக வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே சுமத்தினார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் அந்த அணி ஐந்து முறை லீக் பட்டத்தை வென்றது. பட்டங்கள் வந்துகொண்டிருந்த 2010இல்தான் அதன் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் இருக்கைகளில் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத்துணிகள் பெருகின. அவை கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்து நிறங்கள். சிவப்பு அணியை உற்சாகப்படுத்த வந்தவர்கள் சிவப்பை விட்டுவிட்டு வேறு நிறத்தை அணிந்து நின்றார்கள் என்றால், அது புள்ளிப் பட்டியலைப் பற்றிய கோபமாக இருக்க முடியாது.

சங்கடத்தின் வேர் எளிமையானது. ஒரு ரசிகர் தன் கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் பெற்றோர் வழியாகவோ ஊர் வழியாகவோ அது அவரை வந்தடைகிறது. உரிமையாளரோ தேர்ந்தெடுத்துத்தான் வருகிறார், வேண்டாமென்றால் விற்றுவிட்டுப் போகவும் முடியும். போக முடியாதவருக்கும் போகக்கூடியவருக்கும் இடையே உள்ள இந்தச் சமமின்மையைத்தான் எதிர்ப்புப் பதாகைகள் எல்லாம் வேறு வேறு சொற்களில் சொல்கின்றன.

உரிமையாளரைப் பற்றிய கேள்விகளுக்கு மேலாளர் ஏன் பதில் சொல்ல நேர்கிறது?

வாரத்தில் இரண்டு முறை செய்தியாளர்கள் முன் வந்து உட்கார வேண்டியவர் அவர் ஒருவர்தான் என்பதே காரணம். உரிமையாளர் பேசாமலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிடலாம். மேலாளரால் ஒரு வாரத்தைக்கூட அப்படிக் கழிக்க முடியாது.

2022 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் செல்சியும் நியூகாசிலும் மோதின. அதற்கு மூன்று நாள்கள் முன்புதான் செல்சியின் ரஷ்ய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளைப் பிரிட்டிஷ் அரசு முடக்கியிருந்தது. கிளப்பின் கடை மூடப்பட்டிருந்தது. புதிதாக டிக்கெட் விற்க அனுமதி இல்லை. முந்தைய நாளான மார்ச் 12இல் சவுதி அரேபியா ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தது. அந்த நாட்டின் அரசு முதலீட்டு நிதியம்தான் நியூகாசிலின் பெரும்பங்கு உரிமையாளர். ஆட்டம் முடியும் தறுவாயில், 89ஆவது நிமிடத்தில், கை ஹாவர்ட்ஸ் அடித்த கோலால் செல்சி வென்றது. பிறகு செய்தியாளர் அறைக்கு வந்தவர்களில் ஒருவர் செல்சி மேலாளர் தாமஸ் டுகல், இன்னொருவர் நியூகாசில் மேலாளர் எடி ஹாவ். டுகலிடம் உக்ரைன் மீது ரஷ்யா தொடுத்த போரைப் பற்றியும் தடைகளைப் பற்றியும் சில வாரங்களாகவே கேள்விகள் கேட்கப்பட்டு வந்தன. தாம் அரசியல்வாதி அல்ல என்று அவர் ஏற்கெனவே சலிப்போடு சொல்லியிருந்தார். மரண தண்டனைகளைப் பற்றிக் கேட்டபோது, ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுவதாகச் சொல்லி ஹாவ் ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கேள்விகளுக்கு உண்மையில் பதில் சொல்லவேண்டிய இருவரில் ஒருவரும் அந்த அறையில் இல்லை.

அப்படியானால் மேலாளரைக் குறை சொல்வது அநியாயம்தானே? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

பழமொழி பாதி சரி. ஆட்டவியூகத்தைப் படித்து வந்த ஒருவரிடம் வெளிநாட்டு அரசு ஒன்றின் நீதிமுறையைப் பற்றி விளக்கம் கேட்பதும், அவர் திணறினால் அதைத் தலைப்புச் செய்தியாக்குவதும், உரிமையாளர்களுக்கே வசதியான ஏற்பாடு. கேள்வி கேட்கப்பட்டது போலவும் ஆகிறது, உரிமையாளர் பதில் சொல்லாமலும் தப்பிக்கிறார்.

ஆனால் இந்த அம்பு தானாகவே நடந்து போய் வில்லில் ஏறிக்கொள்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நியூகாசில் 2021 அக்டோபர் 7 அன்று கைமாறியது. மேலாளர் ஸ்டீவ் புரூஸ் இரண்டு வாரத்துக்குள் விலகினார். அந்தப் பொறுப்புக்கு முதலில் பேசப்பட்ட உனாய் எமரி, ஸ்பெயினின் வியாரியாலிலேயே தொடரப் போவதாக நவம்பர் தொடக்கத்தில் அறிவித்துவிட்டார். அவர் மனித உரிமையைக் காரணமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தப் பொறுப்பை மறுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. போர்ன்மத்தை விட்டு ஓராண்டுக்கும் மேலாக வேலையில்லாமல் இருந்த ஹாவ் நவம்பர் 8 அன்று அதை ஏற்றார். ஏற்றதற்காக அவரைக் குற்றவாளி ஆக்குவது மிகை. அவருக்கு இதில் எந்தத் தேர்வும் இருக்கவில்லை என்று பரிந்து பேசுவதும் மிகைதான். இயல்பாகக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: தம் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி ஒரு முறையாவது யோசித்துப் பார்த்ததாக அவர் சொல்லலாம். அதைக்கூடப் பெரும்பாலான மேலாளர்கள் சொல்வதில்லை.

புதிய மேலாளர் வெற்றி தேடித் தந்துவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடுமா?

இந்தக் கேள்விக்கு 2007–08 மான்செஸ்டர் சிட்டியைவிட நல்ல பாடம் கிடையாது. இன்றைய சிட்டியின் செல்வச் செழிப்பில் அந்த ஓராண்டைப் பலர் மறந்தேவிட்டார்கள்.

2006–07இல் சிட்டி ரசிகர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. சொந்த மைதானத்தில் நடந்த 19 லீக் ஆட்டங்களில் அந்த அணி அடித்தவை மொத்தம் 10 கோல்கள். 2007 புத்தாண்டு நாளுக்குப் பிறகு அங்கே ஒரு லீக் கோல்கூட விழவில்லை. மேலாளர் ஸ்டூவர்ட் பியர்ஸ் நீக்கப்பட்டார். அந்த வறட்சியில்தான் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா வந்தார். 2006 செப்டம்பரில் ராணுவப் புரட்சியால் பதவி இழந்தவர் அவர். தாய்லாந்தில் அவருடைய சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன, ஊழல் வழக்குகள் காத்திருந்தன. 2003இல் அவருடைய அரசு நடத்திய 'போதைப்பொருளுக்கு எதிரான போரில்' முதல் மூன்று மாதங்களிலேயே 2,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகுக்கு எதிர்ப்புத் தெரிவித்து எழுதின. அவரோ 8 கோடியே 16 லட்சம் பவுண்டுக்குக் கிளப்பை வாங்கிவிட்டார்.

அவர் கொண்டுவந்த மேலாளர் ஸ்வென்-யோரன் எரிக்சன். இங்கிலாந்து தேசிய அணியின் முதல் வெளிநாட்டு மேலாளராக இருந்தவர். 2002, 2004, 2006 ஆகிய மூன்று பெரிய போட்டிகளிலும் அணியைக் காலிறுதி வரை கொண்டு சென்று அங்கேயே நிறுத்தியவர். ஆட்டத்தைவிடச் சொந்த வாழ்க்கைக்காகவே செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்டவர். ஆக, சிட்டி ரசிகர்களுக்கு 2007 ஜூலையில் இரண்டு சங்கடங்கள்: உரிமையாளரின் கடந்தகாலம் ஒன்று, பணத்துக்காக வந்தவரோ என்று தோன்றிய மேலாளர் இன்னொன்று.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சீசனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் சிட்டி வென்றது. மூன்றாவது வெற்றி யுனைடெட்டுக்கு எதிரானது. 2008 பிப்ரவரி 10 அன்று, யுனைடெட் வீரர்கள் பலர் இறந்த மியூனிக் விமான விபத்தின் 50ஆம் ஆண்டு நினைவு அனுசரிக்கப்பட்ட ஆட்டத்தில், ஓல்ட் டிராஃபோர்டிலும் 2–1 என்று வென்றது. 1974க்குப் பிறகு அங்கே கிடைத்த முதல் லீக் வெற்றி அது. சீசனின் இரண்டாம் பாதியில் அணி தளர்ந்தது. உரிமையாளர் பொறுமை இழந்துவிட்டார், மேலாளரை நீக்கப் போகிறார் என்ற செய்தி சீசன் முடியும் முன்பே கசிந்துவிட்டது. ஓராண்டுக்கு முன்பு சந்தேகத்தோடு பார்த்த அதே ரசிகர்கள் அந்த மேலாளரைக் காப்பாற்ற இயக்கம் நடத்தினார்கள். மைதானத்தில் அவருடைய பெயரைச் சொல்லிப் பாடினார்கள். கடைசி ஆட்டத்தில் மிடில்ஸ்பரோவிடம் 8–1 என்ற தோல்வி, ஜூன் 2 அன்று பதவி நீக்கம். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 1 அன்று, கிளப்பே அபுதாபிக்கு விற்கப்பட்டது. அக்டோபரில் தாய்லாந்து நீதிமன்றம் தக்சினுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

கேள்விக்கு வருவோம். வெற்றி சங்கடத்தைத் தீர்க்கவில்லை. மேலாளர் மீதிருந்த சங்கடத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கரைத்தது. உரிமையாளரைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. வெற்றி நாள்களில் அதைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உரிமையாளர் பரவாயில்லை, மேலாளரே பிரச்சினை என்றால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2013 மார்ச் இறுதியில், ஏழு ஆட்டங்கள் மீதமிருக்க, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் இறக்க மண்டலத்துக்கு ஒரு புள்ளி மேலே நின்றுகொண்டிருந்த சண்டர்லண்ட், மேலாளர் மார்ட்டின் ஓநீலை நீக்கிவிட்டுப் பாவ்லோ டி கானியோவை நியமித்தது. தாம் ஒரு பாசிஸ்ட் என்று 2005இல் இத்தாலியச் செய்தி நிறுவனம் ஒன்றிடம் சொன்னவர் அவர். நியமனம் அறிவிக்கப்பட்ட அன்றே, கிளப்பின் துணைத் தலைவராக இருந்த முன்னாள் வெளியுறவுச் செயலர் டேவிட் மிலிபாண்ட் விலகினார்.

அதைவிட ஆழமாகத் தைத்தது இன்னொன்று. சண்டர்லண்டின் மைதானம் மங்க்வேர்மத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த மண்ணில் கட்டப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் கொடி ஒன்று மைதானத்துக்குள்ளேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கொடியைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கேட்டது. ஒரு மேலாளரின் நியமனம் எந்த அளவுக்கு ஒரு ஊரின் நினைவைப் போய்த் தொடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அடுத்த சில நாள்களில், தாம் பாசிசக் கொள்கையை ஆதரிக்கவில்லை என்று டி கானியோ அறிக்கை வெளியிட்டார். ஏப்ரல் 14 அன்று நியூகாசிலை அதன் மைதானத்திலேயே 3–0 என்று வீழ்த்தியபோது, அவர் முழங்காலில் சறுக்கிக் கொண்டாடினார். சண்டர்லண்ட் ரசிகர்கள் அதைப் பார்த்துத் துள்ளினார்கள். செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார்.

அந்த மூன்று கோல்களுக்குத் துள்ளியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொடியைத் திருப்பிக் கேட்டவர்கள்தாம் அதிகச் சுயமரியாதையோடு நடந்துகொண்டார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பிடித்த மேலாளரை உரிமையாளர் நீக்கிவிட்டு வேறொருவரை நியமித்தால், வந்தவரை எப்படி நடத்துவது?

நியூகாசிலை மேல் பிரிவுக்குத் திரும்பக் கொண்டுவந்த கிறிஸ் ஹியூட்டனை, அணி பட்டியலின் நடுவில் நின்றபோதே, அப்போதைய உரிமையாளர் மைக் ஆஷ்லி 2010 டிசம்பரில் நீக்கினார். மூன்று நாளில் ஆலன் பார்டியூ ஐந்தரை ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தார். உரிமையாளரின் ஆள் என்ற முத்திரை அவர் மேல் அன்றே குத்தப்பட்டது. 2011–12இல் அணியை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டு போனபோதும் அது முழுதாக அழியவில்லை. கார்டிஃபில் உரிமையாளர் வின்சென்ட் டான் 2012இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக மாற்றினார். அடுத்த ஆண்டே அணியை மேல் பிரிவுக்கு ஏற்றிய மால்கி மக்காயை 2013 டிசம்பர் 27 அன்று நீக்கினார். பின்னால் வந்த ஒலே குன்னார் சோல்ஷரிடம் ரசிகர்களுக்குப் பகை எதுவும் இல்லை. சிவப்பு ஜெர்சியின் மீதிருந்த வெறுப்பில் ஒரு பங்கை அவரும் சுமக்க வேண்டியிருந்தது. அணி அந்த சீசனிலேயே இறங்கியது. நீலம் 2015 ஜனவரியில்தான் திரும்பியது.

வந்தவரை முதல் நாளே கூச்சலிட்டு விரட்டுவதில் பயன் இல்லை. அவரை நியமித்தவருக்கு அது வலிப்பதே இல்லை. அடுத்த தோல்விக்குப் பலியிட ஒரு ஆளைத் தயார் செய்து கொடுத்ததாகத்தான் முடியும்.

இப்படிப்பட்டவர்கள் கிளப்பை வாங்க விதிகள் எப்படி இடம் தருகின்றன?

2004இல் பிரீமியர் லீக் கொண்டுவந்த 'தகுதி' சோதனை, பெயரைப் பார்த்தால் ஒழுக்கச் சோதனை போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு தடைப் பட்டியல். குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவரா, கிளப்புகளைத் திவாலாக்கியவரா என்று பார்க்கும். தக்சின் வாங்கியபோது அவர் மீது வழக்குகள் இருந்தன, தீர்ப்பு இல்லை. எனவே சோதனையில் அவர் தடுக்கப்படவில்லை. நியூகாசில் விற்பனையில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. வாங்குவது சவுதி அரசா, அதன் நிதியமா என்பதே விவாதம். அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படிச் செல்லுபடியாகும் உறுதிமொழிகள் கிடைத்ததாக லீக் சொன்னது. அந்த நிதியத்தின் தலைவர் சவுதிப் பட்டத்து இளவரசர். படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தாதவர்கள் குறைவு.

2023 மார்ச்சில் லீக் தன் விதிகளைத் திருத்தி, மனித உரிமை மீறல்களையும் தகுதியிழப்புக் காரணங்களில் சேர்த்தது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களை அது வெளியேற்றவில்லை.

ரசிகர்களுக்குச் சட்டப்படி ஏதாவது அதிகாரம் உண்டா?

இங்கிலாந்தில் இப்போதுதான் கொஞ்சம் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் ஒரு சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. சின்னத்தையும் சொந்த மைதான ஜெர்சியின் நிறத்தையும் ரசிகர்களின் ஆதரவில்லாமல் மாற்றுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. கார்டிஃபின் சிவப்பு ஜெர்சிக்கு இது பதிமூன்று ஆண்டு தாமதமான பதில். மேலாளர் நியமனத்தில் ரசிகர்களுக்கு எந்தச் சட்டக் குரலும் இல்லை, இருக்கவும் வேண்டாம். வாக்கெடுப்பு வைத்து மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் கிளப் ஒரு சீசன்கூடத் தாங்காது. ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற '50+1' விதி, சில விலக்குகளோடு, நடைமுறையில் இருக்கிறது. அங்கும் மேலாளர்கள் நீக்கப்படுகிறார்கள், ஆனால் நீக்கியவர்களை உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க முடியும்.

பெரும்பான்மை ரசிகர்கள் உரிமையாளரை வரவேற்கும்போது, சங்கடப்படுபவர்கள் அணிக்குத் துரோகம் செய்கிறார்களா?

நியூகாசிலில் இதுதான் நடந்தது. ரசிகர் அறக்கட்டளை 2020இல் தன் உறுப்பினர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் விற்பனையை ஆதரித்தார்கள். 2021 அக்டோபர் மாலையில் மைதானத்து வாசலில் திரண்டவர்களின் மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய 14 ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்: ஆஷ்லியின் காலத்தில் அந்தக் கிளப் இரண்டு முறை கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பெயரையே ஒரு காலத்துக்கு அவருடைய கடைப் பெயரால் மாற்றினார். பட்டினி கிடந்தவர் முன் வைத்த தட்டில் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை என்பதற்காக அவரை இகழ முடியாது.

ஆனால் அதைக் கேட்டவர்களையும் இகழ முடியாது. சவுதி உரிமைக்கு எதிராக அதே நகரத்து ரசிகர்கள் சிலர் சிறு குழுவாக இயங்கினார்கள். சமூக ஊடகங்களில் வசவும் வாங்கினார்கள். அவர்கள் மேல் வைக்கப்படும் வழக்கமான குற்றச்சாட்டு, 'வேறு கிளப்பின் உரிமையாளர்கள் மட்டும் யோக்கியமா' என்பது. இல்லைதான். அடுத்த வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது என்பதால் நம் வீட்டுக் கூரையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எந்த நியாயமும் சொல்லாது. 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி சவுதி முகவர்களால் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேசுவது ஒரு நியூகாசில் ரசிகரை அணியிலிருந்து அந்நியப்படுத்திவிடாது. அவர் பேசுவதே அது தன் அணி என்பதால்தான்.

பணமே இல்லாத உரிமையாளரும் ஆபத்துதான் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்ட பெரி கிளப், அடுத்த ஆகஸ்டில் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. நெறியைப் பற்றிய விவாதம் நடத்தக்கூட அங்கே ஓர் அணி மிஞ்சவில்லை.

இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் கோப்பையை மனசாட்சியோடு கொண்டாட முடியுமா?

2025 மார்ச் 16 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் லிவர்பூலை 2–1 என்று வென்று நியூகாசில் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. 1955க்குப் பிறகு உள்நாட்டில் அவர்கள் வென்ற முதல் பெரிய கோப்பை. முதல் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் டான் பர்ன். பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது இதே கிளப்பால் வேண்டாமென்று அனுப்பப்பட்டவர். 70 ஆண்டு காத்திருந்து, அதைப் பார்க்கக் கொடுத்துவைக்காமல் இறந்துபோன அப்பாவை நினைத்து அழுத ஒரு மகளிடம் போய் அரசு நிதியத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அடுத்த நாள் காலையில் பேசலாம். கொண்டாட்டம் கேள்விக்கு விடை அல்ல. கேள்வியும் கொண்டாட்டத்தைத் தடை செய்யத் தேவையில்லை. கொண்டாட்டத்தையே உரிமையாளரின் நற்சான்றிதழாக மாற்றி அச்சடிக்கும்போதுதான் ரசிகர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மைதானத்துக்குப் போகாமல் இருப்பதால் பயன் உண்டா? உண்டென்றால் எப்போது திரும்புவது?

சிலர் திரும்புவதே இல்லை. 2002இல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்சுக்கு இடம்பெயர்க்க அனுமதி கிடைத்ததும் ரசிகர்கள் தாங்களே புதிய கிளப்பைத் தொடங்கி, ஒன்பது ஆண்டுகளில் லீகுக்குள் ஏறினார்கள். கிளேசர்களை ஏற்காதவர்கள் 2005இல் எஃப்.சி. யுனைடெட் தொடங்கினார்கள். இதற்கு அசாத்தியமான பொறுமை வேண்டும். எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது.

திரும்பியவர்களுக்கு எடுத்துக்காட்டு பிளாக்பூல். 2010–11இல் பிரீமியர் லீகில் ஆடிய அந்த அணி, ஆய்ஸ்டன் குடும்பத்தின் கையில் சில ஆண்டுகளிலேயே நான்காம் பிரிவு வரை சரிந்தது. கிளப்பிலிருந்து பணம் உரிமையாளர்களின் மற்ற நிறுவனங்களுக்குப் போனது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சிறுபங்குதாரருக்கு ஏறத்தாழ 3 கோடியே 13 லட்சம் பவுண்டு தர வேண்டும் என்று 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இனி ஒரு பென்னிகூடக் கிடையாது என்பதே ரசிகர்களின் முழக்கம். அதே ஆண்டு மே மாதம் அணி வெம்ப்ளியில் ஆடி மூன்றாம் பிரிவுக்கு ஏறியபோதும் பலர் போகவில்லை. அணியை ஏற்றிய மேலாளர் கேரி போயர் மீது அந்தப் புறக்கணிப்பில் எந்தக் குறையும் சாட்டப்படவில்லை. அவருக்கான கணக்கு வேறு, உரிமையாளருக்கான கணக்கு வேறு என்பதை அவ்வளவு கசப்பிலும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

2019 பிப்ரவரியில் நீதிமன்றம் நியமித்தவர்கள் கிளப்பின் பொறுப்பை ஏற்றார்கள். மார்ச் 9 அன்று சவுத்எண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 15,000க்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். ஆட்டம் 2–2 என்று சமனில் முடிந்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு, ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பறவை எச்சம் படிந்து கிடந்த இருக்கைகளை வாளியும் துணியுமாக வந்து கழுவியவர்களும் அதே ரசிகர்கள்தாம்.